லுத்தரன் சபையில் தனிப் பாவ அறிக்கை உண்டா, இல்லையா? திடப்படுத்தல் வகுப்புக்காகக் கேட்கிறேன்

கேள்வி: அரசரடி டீச்சர்

எல்லாருக்கும் தோத்திரம். மதுரையில் லுத்தரன் சபைப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். லுத்தர் எழுதிய உபதேசப் புத்தகமான சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானம் வரை முடிந்தது, அடுத்த ஞாயிறு பாவ அறிக்கைப் பாடம்.

பிள்ளைகளில் பலர் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பார்த்துவிட்டு "நமக்கு ஏன் டீச்சர் அது இல்லை?" என்கிறார்கள். வீட்டில் கேட்டால் "நாம் நேராக ஆண்டவரிடமே கேட்டுக்கொள்வோம், நடுவில் ஆள் எதற்கு" என்று பதில் வருகிறது. ஞானோபதேசத்தைத் திறந்தாலோ, போதகரிடம் போய் எப்படி அறிக்கை செய்வது என்று லுத்தர் வார்த்தை வார்த்தையாகச் சொல்லித் தருகிறார். இரண்டும் ஒட்டவில்லை.

நமக்குத் தனி அறிக்கை உண்டா? உண்டென்றால் ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்வது போதாதா? ஒரு பிள்ளை நிஜமாகவே ஐயரிடம் (போதகரை அப்படித்தான் அழைக்கிறோம்) போக விரும்பினால் எங்கே உட்காருவது, என்ன சொல்வது, எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னது வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுக்கலாமா? நடைமுறை தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

—

வைகை வடகரை

தோத்திரம் டீச்சர். உண்டு. அதை எடுத்துப்போட்டவர் லுத்தர் இல்லை.

1530-ல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கையின் 11-ஆம் பிரிவு, தனிப் பாவ மன்னிப்பைச் சபையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே போதிக்கிறது. அதே மூச்சில், எல்லாப் பாவங்களையும் எண்ணி ஒப்பிக்க வேண்டியதில்லை, அது முடிகிற காரியமும் இல்லை என்கிறது. அதற்கு ஆதாரம் சங்கீதம் 19:12: "தன் பிழைகளை உணருகிறவன் யார்?" 25-ஆம் பிரிவில், விசாரிக்கப்பட்டு மன்னிப்பு அருளப்பட்டவர்களுக்கு அல்லாமல் நற்கருணை கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். "நமக்கு அது கிடையாது" என்று வீட்டில் சொல்வதற்கு லுத்தரன் விசுவாச அறிக்கைகளில் ஆதாரம் இல்லை.

பிறகு ஏன் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள்? மதுரைப் பக்கம் புரொட்டஸ்டன்ட் வேலையைப் பெரிதாகச் செய்தது 1834-ல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன். அது காங்கிரிகேஷனல் மரபு, லுத்தரன் அல்ல, அங்கே இந்தப் பழக்கம் கிடையாது. அக்கம்பக்கத்துச் சபையாரிடம் கேட்ட பதிலே நம் பதிலாகிவிட்டது. இன்னொரு காரணம் ஜெர்மனியிலேயே இருக்கிறது. பெர்லினில் யோகான் காஸ்பர் ஷாடே என்ற போதகர், மனந்திரும்புதலே இல்லாமல் வரிசையில் வந்து போகிறவர்களுக்கு எப்படி மன்னிப்புக் கூறுவது என்று மனச்சாட்சி உறுத்தி, தனி அறிக்கை முறையையே எதிர்த்தார். அந்தச் சண்டை முற்றி, 1698-ல் அது அவரவர் விருப்பம் என்று அரசாணை வந்தது. நற்கருணைக்கு முன் எல்லாரும் சேர்ந்து செய்யும் பொது அறிக்கை மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-ல். காலத்தைப் பொருத்திப் பாருங்கள்.

இனி, ஆர்.சி. முறைக்கும் நமக்கும் எங்கே பிரிகிறது? 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. 1551-ல் திரெந்து சங்கம் அதை மனஸ்தாபம் (பாவத்துக்காக மனம் வருந்துவது), சங்கீர்த்தனம், பரிகாரம் என்று மூன்றாக உறுதிசெய்தது. நம் ஞானோபதேசம் இரண்டே பகுதி என்கிறது. ஒன்று, பாவத்தை அறிக்கையிடுவது. மற்றது, போதகர் வாயிலிருந்து வரும் மன்னிப்பைக் கடவுளிடமிருந்தே வந்ததாக ஏற்றுக்கொண்டு, பரலோகத்தில் கடவுளுக்கு முன் என் பாவம் மன்னிக்கப்பட்டது என்று சந்தேகமில்லாமல் நம்புவது. பரிகாரம் என்று மூன்றாவது கிடையாது. நற்செயல் அந்த விசுவாசத்தின் கனியாகப் பின்னால் வருகிறது, மன்னிப்புக்கு விலையாக அல்ல.

இந்த இரண்டில் கனமானது இரண்டாவது. நான் எவ்வளவு நன்றாகச் சொன்னேன், எவ்வளவு அழுதேன் என்பதில் ஒன்றும் தொங்கவில்லை. எனக்கு என்ன சொல்லப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், அது இதுவாக இருக்கட்டும்.

தமிழிலேயே இதை அழகாகக் காட்டலாம். கரும்பலகையில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். "கடவுள் உன் பாவங்களை மன்னிப்பாராக." "கடவுள் உன் பாவங்களை மன்னிக்கிறார் என்று அறிவிக்கிறேன்." "நான் உன் பாவங்களைப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மன்னிக்கிறேன்." முதலாவது வியங்கோள், ஒரு வேண்டுதல். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவது, செய்தி. மூன்றாவது சொல்லும்போதே நடக்கிறது. "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று தண்ணீர் ஊற்றுகிறாரே, அதே இலக்கணம். சிறிய ஞானோபதேசம் போதகர் வாயில் வைப்பது மூன்றாவது வாக்கியத்தைத்தான்: நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் கட்டளைப்படி நான் உன் பாவங்களை மன்னிக்கிறேன்.

"ஐயர் யார் மன்னிக்க?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். யோவான் 20:23-ஐ எடுங்கள்: "எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்." உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் ஆண்டவரே சீஷர் கையில் கொடுத்த வேலை இது. முதியோர் உதவித்தொகையை வாசலில் வைத்து எண்ணிக் கொடுக்கிறவரை நினைக்கச் சொல்லுங்கள். பணம் அவருடையது இல்லை. ஆனால் "உங்களுக்குப் பணம் உண்டாம்" என்று செய்தி மட்டும் சொல்லிவிட்டு அவர் போவதில்லை, பாட்டி கையிலேயே வைக்கிறார்.

—

பீடக்கிராதி

வடகரை ஐயா உபதேசத்தைச் சொல்லிவிட்டார். டீச்சர் கேட்ட நடைமுறையை நான் சொல்கிறேன்.

தொட்டி தேவையில்லை. கோயிலுக்குள் பீடக்கிராதி (பீடத்துக்கு முன் உள்ள தடுப்பு) ஓரமாக இரண்டு நாற்காலி போதும். போதகர் பக்கவாட்டில் உட்காருவார், அவர் காது வருகிறவர் பக்கம், முகம் பீடத்தின் பக்கம். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு உரையாடலாக மாறிவிடும், பிள்ளைகளுக்குக் கூச்சமும் வரும். கோயில் கதவு திறந்திருக்க வேண்டும். பின் வரிசையில் சபை மூப்பர் ஒருவரோ, ஒரு பெண்மணியோ உட்கார்ந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. வெஸ்ட்ரியில் (போதகரின் அறையில்) கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது எந்த வயதினருக்கும் வேண்டாம், பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கண்டிப்பாக வேண்டாம்.

வருகிறவர் தொடங்குகிறார்: "ஐயா, என் பாவ அறிக்கையைக் கேட்டு, ஆண்டவர் நிமித்தம் எனக்கு மன்னிப்பு அருளும்படி கேட்டுக்கொள்கிறேன்." போதகர் சங்கீதம் 51-ன் முதல் 12 வசனத்தை மெதுவாக வாசிக்கலாம், வருகிறவரும் சேர்ந்து சொல்லலாம். பிறகு வருகிறவர் முதலில் பொதுவாக, கடவுளுக்கு முன் எல்லாப் பாவத்துக்கும், தெரியாமல் செய்ததற்கும் சேர்த்து, நான் குற்றவாளி என்கிறார். அதன் பின்தான் குறிப்பாக, மனதை அழுத்துவது எதுவோ அது. ஒன்றோ இரண்டோ போதும். அழுத்துவது ஒன்றும் இல்லையென்றால் தேடிக் கண்டுபிடிக்கவோ புதிதாய்க் கற்பிக்கவோ வேண்டாம், அறிக்கையைச் சித்திரவதையாக்க வேண்டாம் என்று ஞானோபதேசமே சொல்கிறது. பொதுவாகச் சொன்னதன் மேலேயே மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு போகலாம்.

எதைச் சொல்வது என்று திகைப்பவர்களுக்கு லுத்தர் கொடுக்கும் வழி, பத்துக் கட்டளையை எதிரே வைத்து, உன் இடம் எது என்று பார்ப்பது. நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, முதலாளியா, வேலைக்காரனா? கீழ்ப்படியாமல் இருந்தாயா, சோம்பலாக இருந்தாயா, சொல்லாலோ செயலாலோ யாரையாவது வருத்தினாயா, திருடினாயா, பொறுப்பைக் கவனியாமல் விட்டாயா? நம் ஊருக்கு இதை இறக்கினால் இப்படி வரும்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஏழாம் கட்டளை எடைக்கல்லில் இருக்கிறது. ஏலச்சீட்டு பிடிப்பவருக்குக் கணக்கு நோட்டில். கல்யாணப் பேச்சில் சாதி பார்த்து ஒரு விசுவாசியைத் தட்டிவிட்ட பெற்றோருக்கு ஐந்தாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நான்காம் கட்டளையும், கைபேசியில் ஆறாம் கட்டளையும். (லுத்தரன் எண்ணிக்கையில் "கொலை செய்யாதிருப்பாயாக" ஐந்தாவது. பிள்ளைகள் சி.எஸ்.ஐ. நண்பர்களோடு ஒப்பிட்டுக் குழம்புவார்கள், முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.)

பிறகு போதகர் கேட்கிறார்: "நான் அருளும் மன்னிப்பு கடவுளுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறாயா?" "ஆம், விசுவாசிக்கிறேன்." "உன் விசுவாசத்தின்படியே உனக்கு ஆகக்கடவது." இந்தக் கேள்வியில் ஒன்றைக் கவனியுங்கள். "உன் மனஸ்தாபம் போதுமானதா" என்று அவர் கேட்கவில்லை. கேட்பது வாக்கைப் பற்றி. பின் எழுந்து நின்று, முழங்காலில் இருப்பவர் தலைமேல் கை வைத்து, பெயர் சொல்லி, வடகரை ஐயா எழுதிய மூன்றாவது வாக்கியத்தைச் சொல்கிறார். வருகிறவர் "ஆமென்." "சமாதானத்தோடே போ." அவ்வளவுதான். 15 நிமிடம், மிஞ்சினால் 20.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. 30 வயதுப் போதகர் 70 வயதுப் பெரியவரைப் பார்த்து "உன் பாவங்களை" என்பதா? பேச்சு முழுவதும் "நீங்கள், உங்கள்" என்றே இருக்கட்டும். மன்னிப்பின் வாக்கியத்தில் மட்டும் "உன்" நல்லது. "உங்கள்" என்றால் பன்மையாகவும் கேட்கும், கூட்டத்தில் ஒருவனாகப் போய்விடுவோம். திமிர்வாதக்காரனிடம் ஆண்டவர் சொன்னதும் "மகனே, திடன்கொள், உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்றுதான். தொடங்கும் முன்பே "ஐயா, அந்த ஒரு வாக்கியம் வேதத்தில் உள்ளபடி 'உன்' என்று வரும்" என்று போதகர் சொல்லிவிட்டால் பெரியவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தலைமேல் கை வைப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

நேரம்: பெரிய வியாழன் மாலையில் வைத்தால் வரிசை சேரும், அவசரம் வரும். லெந்து (தபசு) நாட்களில் சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை என்று நிரந்தரமாக அறிவித்து, யாரும் வராவிட்டாலும் போதகர் அங்கே உட்கார்ந்திருப்பதே நல்ல ஏற்பாடு. "தேவைப்படுகிறவர்கள் ஃபோன் பண்ணுங்கள்" என்று சொல்லி விட்டுவிட்டால் ஒருவரும் பண்ண மாட்டார்கள்.

—

மேலமாசி வாசகர் (சி.எஸ்.ஐ.)

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு கேள்வி, குறை சொல்ல அல்ல. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்... அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று 1 யோவான் 1:9 இருக்கிறதே. அறைவீட்டுக்குள் முழங்கால் போட்டுக் கேட்டால் மன்னிப்பு இல்லையா?

—

வைகை வடகரை

உண்டு சகோதரரே, முழுதாக உண்டு. ஞானோபதேசமே கர்த்தருடைய ஜெபத்தில் தினமும் செய்யும் அறிக்கையை முதலில் வைக்கிறது. "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று கேட்பது உண்மையான பாவ அறிக்கை. அதில் எந்த லுத்தரனும் குறை காண மாட்டார்.

அறைவீட்டுக்குள் எங்கே கஷ்டம் வருகிறது என்றால், கேட்கிறவனும் நான், பதிலை எனக்கே சொல்லிக்கொள்கிறவனும் நான். ராத்திரி இரண்டு மணிக்கு மனச்சாட்சி குத்தும்போது என் குரலை நானே நம்புவதில்லை. தாவீது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றான். நேராகக் கடவுளிடமே சொன்னான் என்று வைத்துக்கொண்டாலும், பதில் நாத்தான் தீர்க்கதரிசியின் வாயிலிருந்துதான் வந்தது: "நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்." வெளியிலிருந்து, இன்னொரு வாயிலிருந்து, என் காதுக்கு வருகிறது. ஆக்ஸ்பர்க் அறிக்கை இந்த மன்னிப்பின் சொல்லை வானத்திலிருந்து ஒலிக்கும் குரலாகவே நம்பச் சொல்கிறது.

1537-ஆம் வருடத்து ஸ்மால்கால்ட் கட்டுரைகளில் லுத்தர், சுவிசேஷம் நமக்கு ஒரே வழியில் மட்டும் வருவதில்லை என்று சொல்லி வரிசைப்படுத்துகிறார்: பிரசங்கிக்கப்படும் வார்த்தை, ஞானஸ்நானம், நற்கருணை, திறவுகோல் அதிகாரம் (பாவத்தை மன்னிக்கவும், மன்னிப்பை நிறுத்திவைக்கவும் சபைக்குக் கொடுத்த அதிகாரம்), சகோதரர் ஒருவரையொருவர் தேற்றும் பேச்சு. கடவுள் தம் கிருபையில் தாராளமானவர் என்பதே அதற்கு அவர் சொல்லும் காரணம். இத்தனை வழி திறந்திருக்கும்போது ஒன்றே போதும் என்று மற்றவற்றை ஏன் சாத்த வேண்டும்? ஆனால் கட்டாயம் கிடையாது. ஓரிடத்தில் காசும் துணியும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிச்சைக்காரனை யாரும் அடித்து விரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, அவனே ஓடுவான் என்று பெரிய ஞானோபதேசத்தில் எழுதுகிறார். வராதவர்களை அதட்டி வரவைத்தால் மறுபடி 1215-க்கே போய்விடுவோம்.

ஞாயிறு பொது அறிக்கை போதுமா என்ற டீச்சர் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நூரன்பெர்க் நகரில் ஒசியாந்தர் என்ற போதகர், பொது மன்னிப்பு செல்லாது, தனியாகக் கொடுப்பதே மன்னிப்பு என்று பிடிவாதம் பிடித்தார். 1533-ல் நகரசபை லுத்தர் இருந்த விட்டன்பெர்க்குக்கு எழுதிக் கேட்டது. லுத்தரும் அவருடைய தோழர் மெலாங்தனும் இரண்டும் மெய்யான மன்னிப்பே, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது பாதி மன்னிப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்த இடத்தை நாம் நடத்தும் விதம் சரியில்லை. "அமைதியாக நம்மைச் சோதித்தறிவோம்" என்று சொன்ன மறுநொடி கீபோர்டு தொடங்கிவிடுகிறது. ஒருவருக்கும் ஒரு கட்டளைகூட நினைவுக்கு வருவதில்லை. முழு அரை நிமிடம், கடிகாரம் பார்த்து, வாத்தியம் இல்லாமல் விட வேண்டும். மன்னிப்பு வாக்கியத்தை ஆராதனைப் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்காமல், போதகர் சபையை நோக்கித் திரும்பி, நிமிர்ந்து சொல்ல வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னால் அதுவும் ஒரு ஜெபம் போலவே சபைக்குக் கேட்கும்.

—

உசிலை ரோடு

கெட்டுப்போகும் இடங்களையும் வகுப்பில் சொல்லுங்கள் டீச்சர். ஐயர்மாரும் படிக்கட்டும்.

முதல் இடம், "பரவாயில்லை, விடுங்கள்." மனதில் அத்தனை வருடம் சுமந்ததை ஒருவர் சொல்லி முடித்ததும், இரக்கத்தில் வரும் வார்த்தை அது. ஆனால் அது மன்னிப்பு இல்லை. பாவத்தை ஒன்றுமில்லை என்று ஆக்குகிறது, அவர் அதே சுமையோடு வீட்டுக்குப் போகிறார். பரவாயில்லாத ஒன்றை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. பாவம் என்று ஒத்துக்கொண்டு, அதன் மேல்தான் "மன்னிக்கிறேன்" என்ற சொல் விழ வேண்டும்.

அடுத்தது, நிபந்தனை. "இனிமேல் செய்யாமல் இருந்தால் கடவுள் மன்னிப்பார்." "உண்மையாக மனம் வருந்தியிருந்தால் உனக்கு மன்னிப்பு உண்டு." வருகிறவருக்கு அந்த "இருந்தால்" மட்டும்தான் காதில் நிற்கும். நான் உண்மையாக வருந்தினேனா என்று மறுபடி தன்னையே தோண்ட ஆரம்பிப்பார். 1530-ல் திறவுகோல்களைப் பற்றி எழுதியபோது லுத்தர் தாக்கியது இப்படிப்பட்ட நிச்சயமில்லாத திறவுகோலைத்தான். திறக்குமோ திறக்காதோ என்று தெரியாத சாவி சாவியே இல்லை.

மூன்று நாள் உபவாசம், பத்து சங்கீதம் என்று பரிகாரம் விதிப்பதும் தவறு. ஆறுதலுக்காக ஒரு வசனம் கொடுக்கலாம், தண்டனையாக ஒரு வசனமும் கொடுக்கக் கூடாது. கிண்டிக் கிண்டிக் கேட்பதும் தவறு, குறிப்பாக ஆறாம் கட்டளை விஷயத்தில். யாரோடு, எத்தனை தடவை என்று போதகருக்குத் தெரிய வேண்டியதில்லை.

வருகிறவர் பக்கம் நடக்கும் பெரிய பிழை, பிறர் பாவத்தை அறிக்கையிடுவது. "அவர் அப்படிப் பேசியதால்தான் நான் கை ஓங்கினேன்" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரமும் அவரைப் பற்றியே போய்விடும். போதகர் மெதுவாக நிறுத்தி, "கை ஓங்கினேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று திருப்ப வேண்டும். பிறர் பெயர் வரவே வேண்டாம்.

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. எத்தனை முறை கேட்டாலும் நிம்மதி வராது. மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே போவது உதவி இல்லை. "அது மன்னிக்கப்பட்டது, அதை நான் மறுபடி கேட்க மாட்டேன், கேட்க ஒன்றும் மிச்சமில்லை" என்று சொல்லி, பெற்ற மன்னிப்பை நினைவூட்ட வேண்டும். தூக்கம், சாப்பாடு கெடும் அளவுக்குப் போனால் அது மனநல மருத்துவரின் வேலையும்கூட. அனுப்பிவைக்கத் தயங்கக் கூடாது.

திருடிய பணம், மோசடி: சகேயு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றது ஆண்டவர் அவனை ஏற்றுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போன பின். திருப்பிக் கொடுப்பது மன்னிப்பின் விலை இல்லை. ஆனால் எடுத்த பணத்தைத் திருப்பித் தரவே மாட்டேன் என்று மடியில் கட்டிக்கொண்டு வருகிறவர் மனந்திரும்பவில்லை என்பதும் நிஜம். சீட்டில் ஒருவருடைய 4,000 ரூபாயை எடுத்திருந்தால் அவர் கைக்கே போக வேண்டும், கோயில் காணிக்கைப் பெட்டிக்கு இல்லை. முகம் காட்டக் கூசினால் போதகர் பெயர் சொல்லாமல் கொண்டு சேர்க்கலாம். எடையில் குறைத்தது யார் யாரிடம் என்றே தெரியாதென்றால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, காணிக்கைக் கவர். மன்னிப்புப் பெற்றவுடன் நன்றிக்காக போதகர் கையில் கவர் வைக்கும் வழக்கம் நம் ஜனத்துக்கு இயல்பாக வரும். அதை வாங்கவே கூடாது. ஜெர்மனியில் அறிக்கைப் பணம் என்று ஒரு வழக்கம் லுத்தரன் சபைகளிலேயே வேரூன்றி, காசுக்கு மன்னிப்பு என்று ஜனங்கள் பேசும் நிலை வந்தது. ஞாயிறு காணிக்கையில் போடட்டும்.

—

திருமங்கலம் வாசகி

ரகசியம் பற்றி யாரும் தொடவில்லை. டீச்சர் வாக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும்.

லுத்தரன் மரபில் அறிக்கையில் கேட்டதைப் போதகர் மனைவியிடமோ, சபைக் கமிட்டியிடமோ, பிரசங்கத்தில் பெயர் மறைத்துக் கதையாகவோகூடச் சொல்லக் கூடாது. சின்ன சபையில் பெயர் மறைத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அறிக்கை செய்தவரிடமே பிற்பாடு வழியில் பார்த்து "அந்த விஷயம் இப்போது எப்படி இருக்கிறது?" என்று அவராகக் கேட்கவும் கூடாது.

அதே நேரம், இந்தியச் சட்டத்தில் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு இருக்கும் பாதுகாப்பு, போதகரிடம் சொல்வதற்கு எழுதப்படவில்லை. 2012-ஆம் வருட போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. போதகருக்கு விலக்கு இல்லை. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஒரு பிள்ளை தனக்கு இன்னார் இப்படிச் செய்தார் என்று சொன்னால் அது பாவ அறிக்கையே இல்லை. அந்தப் பிள்ளை பாவம் செய்யவில்லை. அதற்கு மன்னிப்பு வாக்கியம் சொல்லவே கூடாது. சொன்னால் குற்றத்தை அந்தப் பிள்ளை தலையில் ஏற்றிவிடுவோம். கேட்டு, நம்பி, "இது உன் தப்பு இல்லை" என்று சொல்லி, உடனே 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போலீசுக்கோ போக வேண்டும். ரகசியக் காப்பு இங்கே பொருந்தவே பொருந்தாது.

செய்தவனே வந்து அறிக்கை செய்தால்? மனந்திரும்பினவன் தண்டனையிலிருந்து ஒளிய மாட்டான். போதகர் அவனோடு நடந்து காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். வர மறுத்தால் அவன் கேட்பது மன்னிப்பு இல்லை, மறைப்பு. மன்னிப்பை நிறுத்திவைக்கும் 'கட்டும் திறவுகோல்' என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான்.

அதனால் வகுப்பில் சொல்ல வேண்டியது: "நீ செய்த பாவத்தை, சட்டம் தெரிவிக்கச் சொல்லும் குற்றம் தவிர, ஐயர் யாரிடமும் சொல்ல மாட்டார். உனக்கு ஒருவர் செய்த தீங்கைச் சொன்னால், உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் கட்டாயம் சொல்வார்." இரண்டும் ஒன்றாக, அறிக்கை தொடங்கும் முன்பே சொல்லப்பட வேண்டும்.

—

அரசரடி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. திருமங்கலம் அக்கா சொன்ன இரண்டு வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் ஐயரோடு மனத்தாங்கலில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வகுப்பில் பிள்ளைகள் பாவத்தைத் தாளில் எழுதி, மடித்து, எரிக்கும் நிகழ்ச்சி ஒன்று வைக்கலாமா? முகாம்களில் செய்கிறார்களே.

—

பீடக்கிராதி

முதலாவதற்கு: பக்கத்து ஊர்ப் போதகரிடம் போகலாம், தடையே இல்லை. போதகர் நல்லவரா என்பதில் மன்னிப்பு தொங்கவும் இல்லை. கெட்டவர் கையால் வந்தாலும் கிறிஸ்துவின் நியமத்தினால் அது செல்லும் என்கிறது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 8-ஆம் பிரிவு. ஆனால் நம்பிக்கை இல்லாத ஒருவர் முன் வாய் திறக்காது என்பது மனித இயல்பு, அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம். லுத்தரே தமக்கென்று ஒருவரை வைத்திருந்தார். விட்டன்பெர்க் நகரப் போதகர் பூகன்ஹாகன்தான் அவருடைய அறிக்கையைக் கேட்டு மன்னிப்பு அருளினவர்.

ஆபத்து நேரத்தில் போதகரே இல்லையென்றால் எந்த விசுவாசியும் மன்னிப்பின் வார்த்தையைச் சொல்லலாம். 1537-ஆம் வருடத்து விசுவாச ஆவணம் ஒன்று, கப்பலில் இருந்த இரண்டு பேரைப் பற்றி அகுஸ்தீன் சொன்ன நிகழ்ச்சியை இதற்கு எடுத்துக்காட்டுகிறது. ஒருவர் மற்றவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். அதைப் பெற்றவர் உடனே தமக்குக் கொடுத்தவருக்கே மன்னிப்பு அருளுகிறார். ராஜாஜி ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இது தேவைப்படலாம். வாக்கியத்தைப் பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கட்டும்.

தாள் எரிப்பது வேண்டாம் என்பேன். பிள்ளைகள் எழுதுவதைப் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும், ஒரு தாள் தவறி விழும், அன்று மாலையே வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும். அது நடக்காவிட்டாலும், அங்கே முதல் பகுதி மட்டும்தான் நடக்கிறது. தாள் எரிந்து முடிந்ததும் பிள்ளையின் காதில் ஒரு வார்த்தையும் விழுவதில்லை. அதற்குப் பதிலாக ஐயரிடம் இப்போதே சொல்லி, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வரச் சொல்லுங்கள். பத்துக் கட்டளையை நீங்கள் மெதுவாக வாசியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நான்கு மூச்சு விடும் நேரம் நிறுத்தி. யாரும் எதையும் எழுதவோ சொல்லவோ வேண்டாம். முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிராதிக்கு வந்து முழங்கால் போடட்டும். ஐயர் தலைமேல் கை வைத்து, பெயர் சொல்லி, அந்த வாக்கியத்தை ஒவ்வொருவருக்கும் முழுதாகச் சொல்லட்டும். ஆளுக்கு அரை நிமிடம்தான் ஆகும். பெயர்ப் பட்டியலை, ஞானஸ்நானப் பெயரோடு, சனிக்கிழமையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.